உலையை அணைத்தவர்கள் கூடிய கூட்டம்

மேடையில் வீற்றிருக்கும் தொழிற்சங்க நிர்வாகிகளே, திவால் வழக்கைக் கவனிக்கும் அதிகாரி அவர்களே, முன்வரிசையில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும், மறைந்த அண்ணனின் மனைவியான அண்ணி அவர்களே, சன்னலுக்கு வெளியே நெருக்கியடித்து நிற்கும் என் தெருக்காரர்களே! அனைவருக்கும் இந்தத் தையல்காரனின் வணக்கம்.

யார் வீட்டுத் துக்கமானாலும் மைக்கைப் பிடிப்பவன் நான். தண்ணீர்கூடக் குடிக்காமல் பேசுவேன். இன்று ஒரு சொம்புத் தண்ணீரைக் காலி செய்துவிட்டுத்தான் மேடையேறினேன். காரணம் உங்களுக்கும் தெரியும். அதனால்தான் பாதிப் பேர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறீர்கள்.

மறைந்தவர் யார்? நம் பாட்டில் தொழிற்சாலையின் உலைக்கூட மேற்பார்வையாளர். பெரியவர் சிறியவர் என்றில்லாமல் எல்லோரும் 'உலை அண்ணன்' என்று அழைத்த பெருந்தகை! கை சுட்டுக்கொண்ட தொழிலாளியைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியவர். எங்கே போனாலும் புகைபோக்கியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்வார். தம் கல்யாணத்தன்றும் அப்படித்தான் பார்த்தாராம். "மாப்ள, பொண்ணு இந்தப் பக்கம் இருக்கு" என்று மைத்துனர் முகத்தைத் திருப்பிவிட்டாராம்!

தொழிற்சாலை வெகுநாளாகவே தள்ளாடிக்கொண்டிருந்தது. கேட்டில் திவால் அறிவிப்பை ஒட்டிய அன்று நாம் என்ன செய்தோம்? சிலர் அழுதோம். சிலர் முதலாளியை வாய்க்கு வந்தபடி திட்டினோம். இனிமேல் மாடியில் காயப்போட்ட துணியில் கரி விழாது என்று சந்தோஷப்பட்டவரும் உண்டு. யார் என்று சொல்லமாட்டேன், நான் வீட்டுக்குப் போக வேண்டும்.

அண்ணனோ நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு உலையைக் காக்க உள்ளே போனார். டீக்கடையில் நின்று நமக்குப் புரியும்படி எடுத்தும் சொன்னார்: "வேற ஒரு கம்பெனி வாங்க வருதுப்பா. அதுவரைக்கும் உலை சூடா இருக்கணும். அணைஞ்சா உள்ள இருக்குற கண்ணாடி பாறையா இறுகிடும். அப்புறம் ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான்." நாம் காது கொடுத்துக் கேட்டோமா?

கேட்கவில்லை! நாம் கேட்டது வேறு. "மெஷின எல்லாம் கழட்டி லாரியில கடத்தப் போறாங்களாம்!" இதைக் கிளப்பியவர் யாரென்று இன்றுவரை தெரியாது. நம்பியவர் யாரென்று நன்றாகத் தெரியும். கேட்டுக்குச் சங்கிலி போட்டோம். வந்த லாரியின் முன்னால் குடும்பத்தோடு உட்கார்ந்தோம். அன்றும் மைக் என் கையில்தான் இருந்தது.

வந்தது எண்ணெய் டேங்கர், நண்பர்களே! டேங்கரில் எந்த மெஷினை ஏற்ற முடியும்? டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு அதைத்தான் கேட்டார். "உள்ள ஒளிச்சு வைப்பீங்க, எங்களுக்குத் தெரியாதா?" என்றார் டீக்கடைக்காரர். நாம் விசிலடித்தோம்.

கேட்டுக்கு உள்ளேயிருந்து அண்ணன் கத்தினார்: "அது உலைக்கு எண்ணெய்ப்பா! உங்க சோத்துல நீங்களே மண்ணள்ளிப் போட்டுக்காதீங்க! சங்கிலிய எடுங்கப்பா!" கம்பிகளைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். நாம் என்ன பட்டம் கொடுத்தோம்? முதலாளியின் கைக்கூலி! டேங்கர் திரும்பிப் போனது. மறுபடி வந்தபோதும் திருப்பி அனுப்பினோம். புகைபோக்கியில் புகை நின்றது. ஜெயித்துவிட்டோம் என்று கைதட்டினோம். வாங்க வந்த நிறுவனத்தார் இறுகிப்போன உலையைப் பார்த்துவிட்டுக் காரில் ஏறிப் போனார்கள்.

அதன் பிறகு அவர் நம்மைத் திட்டினாரா? காட்டிக்கொடுத்தாரா? திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்! அந்த நிறுவனத்தின் பின்னாலேயே அலைந்தார். உலையைக் காலி செய்து கொடுத்தால் செங்கல்லை மாற்றி மறுபடி மூட்டலாம், வந்து பார்க்கிறோம் என்று அவர்களைச் சொல்லவைத்தார். உலை அணைந்ததும் கூட இருந்த நாலைந்து பேரும் கலைந்துவிட்டதால், பிறகு உளியும் சுத்தியலுமாகத் தனி ஆளாக உலைக்குள் இறங்கி அந்தப் பாறையை உடைக்கத் தொடங்கினார். அவர் முகத்தில் முழிக்கக் கூசி நாம் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. டணார், டணார் என்று சத்தம் கேட்டதும் சன்னலைச் சாத்தினோம். மதியத் தூக்கம் கெடுகிறது என்று சலித்துக்கொண்டோம். ஒருநாள் சத்தம் நின்றது. அப்பாடா என்று கண்ணயர்ந்தோம். சாப்பாடு கொண்டுபோன அண்ணிதான் உலைக்குள் உயிரில்லாமல் கிடந்த அவரைப் பார்த்தார்.

வெட்கமாக இருக்கிறது! சொல்லவே வெட்கமாக இருக்கிறது!

இந்தக் கூட்டத்துக்கு அனுமதி கேட்டு அண்ணியிடம் போனேன். "கூட்டம் போடுறது உங்க இஷ்டம் தம்பி. அவரு இருந்தப்ப ஒருத்தர்கூட ஒரு சுத்தியலத் தூக்கிட்டு வரலையே" என்றார். தலையைக் குனிந்துகொண்டு வந்தேன்.

பாதிக் கண்ணாடி இன்னும் உலைக்குள் இருக்கிறது. நாம் புகழ்ந்து பேசினால் அது உடையாது. மீதியை நாம்தான் உடைத்தெடுக்க வேண்டும். அதுதான் நாம் அவருக்குச் செலுத்தும் அஞ்சலி. கைதூக்கி உறுதிமொழி எடுக்க வேண்டாம், அன்றைக்கு லாரியை மறிக்கத் தூக்கிய கைகள் போதும்.

அண்ணன் வைத்திருந்த கேட்டுச் சாவி இப்போது அண்ணியிடம் இருக்கிறது. கேட்டேன். தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நாளைக் காலையில் சுத்தியலோடு எல்லோரும் அவர் வீட்டு வாசலுக்கு வாருங்கள். கேட்டைத் திறக்கச் சொல்லி இந்த முறை நாம் கெஞ்சுவோம்.