மடவை மீனின் மெலிவை மெய்யாக அளந்த செதிலம்மாவுக்கு

முகத்துவாரத்து மீன்வள ஆய்வு நிலையத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் மடவை மீனின் நீளமும் நிறையும் நுணுகி அளந்து, இன்று பணி நிறைவு பெறும் நல்லவரே! செதிலின் வளையம் எண்ணி மீனின் வயது சொன்னதால் செதிலம்மா என்று செல்லப் பெயர் பெற்றவரே! அதட்டலிலும் அன்பு குறையாத எங்கள் அருமை அக்காவே! வணக்கம்.

தங்களை நேருக்கு நேர் புகழ்ந்தால், "போதும்ப்பா, அங்க ஐஸ் உருகுது" என்று எழுந்துவிடுவீர்கள். ஆகவே தங்கள் கதையை அவையோருக்குச் சொல்கிறோம். தாங்கள் அமர்ந்து கேட்டால் போதும்.

இங்கே ஆறு இரண்டாகப் பிரிந்து கடலில் கலக்கிறது. வடக்குக் கிளையின் மதகு பல ஆண்டுகளாக அடைத்தே கிடந்தது. அதனால் நீரோட்டமும் இரையும் குறைந்து, அங்கே கிடைக்கும் மடவை தலை பெருத்து உடல் வற்றியிருக்கிறது என்று மீனவர்கள் முறையிட்டார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, செதிலம்மா போட்டுக்கொண்டார். ஓராண்டு இரு கிளைகளின் மீன்களையும் அளந்தார். ஒரே நீள மீன், தெற்கில் அரைக் கிலோ என்றால் வடக்கில் நானூறு கிராம் தேறவில்லை. மதகைத் திறப்பது பற்றி முடிவெடுக்க அதிகாரிகள் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள்.

முந்தின நாள் மாலை ஏடுகளைச் சரிபார்த்தவர் மறுபடி முதல் பக்கத்துக்கே திரும்பினார். தெற்கு மீன்களில் பெரும்பாலானவை சினைக் காலத்தில் நிறுக்கப்பட்டவை. வயிற்று முட்டையும் எடையில் ஏறியிருந்தது. வடக்கு மீன்களோ சினையில்லாத மாதங்களில் நிறுக்கப்பட்டவை. பிசகு அவருடையதுதான். வேறெவர் கண்ணிலும் படாத பிசகு.

அழைத்துப்போக வந்த, பள்ளிப் பேருந்து ஓட்டும் தம் கணவரிடம் வாசலிலேயே சொன்னார்.

"சொல்லாம இருந்தா நாளைக்கே மதகு தொறந்துடும்ங்க."

"சொன்னா?"

"என் மானம் போனாப் போகட்டும். அந்த ஜனங்க இன்னொரு வருஷம் காத்துக் கெடக்கணுமே."

"சொல்லாம உனக்குச் சோறு எறங்குமா? ஏறு, வீட்டுக்குப் போகலாம்."

மறுநாள் கூட்டத்தில் எழுந்து சொன்னார். முடிவு தள்ளிப்போனது. வெளியே வடகரை மீனவர் தலைவர் மறித்துக்கொண்டார்.

"நம்பினோமேம்மா! இப்படிக் கவுத்துட்டியே!"

"தப்பான அளவ வெச்சுத் தொறந்தா, நாளைக்கு எவனாவது சரியான அளவக் காட்டி மூடிடுவான், அண்ணே. ஒரு வருஷம் குடுங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். செதிலம்மா அளவறைக்குத் திரும்பி, முகத்தைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார். நாங்கள் பார்க்காததுபோல் இருந்தோம்.

அந்த ஆண்டு வாரந்தோறும் இரு கிளைகளிலும் ஒரே நாளில் மீன் எடுத்தார். ஒவ்வொன்றையும் கீறி, குடலும் சினையும் நீக்கி, வெறும் உடலை நிறுத்தார். விரல்கள் வெடித்தன. மீன் வாடைக்குப் பயந்து ஊர்ப் பேருந்தில் பக்கத்தில் எவரும் உட்காரவில்லை. "ரெண்டு சீட்டும் எனக்குத்தான், ராஜ மரியாதை!" என்று சிரித்துக்கொண்டே வருவார். முடிவில் கிடைத்த வித்தியாசம், முன்பு கண்டதில் பாதிதான். ஆனால் கேள்வி மேல் கேள்வி கேட்டும் அந்தப் பாதியை எவராலும் அசைக்க முடியவில்லை. நெருக்கியடித்து நின்ற செதில் வளையங்களும் வடக்கு மீனின் வளர்ச்சி குன்றியதைக் காட்டின. மதகு திறந்தது.

மதகு திறந்த மூன்றாம் ஆண்டு ஒரு காலை, அதே தலைவர் வந்து, ஒரு மடவையை அளவுப் பலகையில் கிடத்தினார். முதுகு திரண்டு, பலகைக்கே பாரமாய்க் கிடந்தது அது.

"அன்னிக்கு நான் பேசினது..."

"கையெடுங்க அண்ணே, நீளம் தெரியல" என்றார் செதிலம்மா. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். ஆனாலும் எண்ணை எங்களில் ஒருத்தியைத்தான் படிக்கச் சொன்னார்.

அக்கா! வெடித்த விரல்கள் ஆறி வெதுவெதுப்பான காலைகள் வாய்க்கட்டும்! தங்கள் இல்லத்தாரோடு இன்னும் நெடுங்காலம் நோயின்றி, நொடியின்றி, நெஞ்சு நிறைய வாழ்க! அளவறையின் விளக்கை நாளை முதலில் யார் போடுவது என்று எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை. தங்கள் மேசையை ஆளுக்கொரு முறை துடைத்துவிட்டோம். நாற்காலியில்தான் ஒருவரும் உட்காரவில்லை.

என்றென்றும் தங்கள்,
அளவறைத் தங்கைகளும் தம்பிகளும்