ஜிபியைக் கூட்டி வந்த இரவு

இரவு ஒன்றரை மணி. ஆறு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் போகிற அகலத்துக்கு ஒரு சாலை. அதில் ஒரே ஒரு வண்டி... பிண வண்டி.

எந்த ஊர் என்று கேட்காதீர்கள். பெரிய நகரம், அவ்வளவு போதும். இந்தத் தோட்டத்து லயத்து வரிசையில் வீட்டுக்கு ஒரு பிள்ளை அங்கே வேலைக்குப் போயிருக்கிறது. பேரைச் சொன்னால் நாளைக் காலையில் போன் போட்டு அவர்களையும் பயமுறுத்துவீர்கள். அந்த நகரத்தைச் சுற்றி ஒரு ரிங் ரோடு போட்டிருக்கிறார்கள். பாதி தூரம் பாலத்தின் மேல் ஓடும், பாதி தூரம் பூமிக்கு அடியில் சுரங்கத்துக்குள் ஓடும். மேலே வீடும் கடையும் கோயிலும் இருக்கும், கீழே கார் போய்க்கொண்டிருக்கும். மலையைக் குடைந்து கரண்டு எடுக்கிற ஊரில் இருந்துகொண்டு கரண்டு இல்லாமல் இருட்டில் உட்கார்ந்திருக்கிற நமக்கு அதெல்லாம் ஆச்சரியம்தான். கரண்டு வரும்வரை கதை சொல் என்றது நீங்கள். பாதியில் எழுந்து போகிறவர்கள் தனியாகத்தான் போகவேண்டும்... சொல்லிவிட்டேன்.

வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தவன் மிக்கேல். என் சிநேகிதன் ரிஜினுடைய அக்காள் புருஷன். சித்திரபுரத்துக்காரன், தேயிலை ஃபேக்டரியில் வேலை. பயந்தாங்கொள்ளி என்று அவனை யாரும் சொல்லிவிட முடியாது. ஃபேக்டரி வாசலில் ஒற்றை யானை வந்து நின்றபோது பீடியைக்கூடக் கீழே போடாதவன். அன்றைக்கு அவன் முழங்காலை ஒட்டி ஐஸ் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் அவன் தம்பி ஜிபி.

ஜிபிக்கு அந்த ரிங் ரோட்டுச் சுரங்கத்தில்தான் வேலை. ராத்திரியில் ஒரு தடத்தை அடைத்துவிட்டு, புகை படிந்த சுவரையும் விளக்குகளையும் சோப்புத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார்கள். கழுவுகிறவர்களுக்கு முன்னால் ஒருவன் நின்று, சிவப்பு லைட் எரிகிற கம்பை ஆட்டி, வருகிற வண்டிகளை ஒதுக்கிவிடவேண்டும். அதுதான் ஜிபியின் வேலை. அவன் ஆட்டியதைப் பார்க்காத ஒரு லாரி வந்தது... அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மிக்கேல் புறப்பட்டபோது அம்மா கத்தரீனாள் அழவில்லை. பிணத்தைக் கொண்டு வா என்றும் சொல்லவில்லை. "அவன ஒத்தையில விட்டுறாதடா. கூட்டிட்டு வந்துரு" என்றாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். வெளியூரில் செத்தவனை மலைக்கு ஏற்றும்போது, பக்கத்தில் உட்காருகிறவன் சும்மா உட்காரக்கூடாது. ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு பாலத்திலும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு வழி சொல்லவேண்டும். ரோடு இல்லாத காலத்தில் தூளி கட்டித் தூக்கி வந்தவர்கள் ஆரம்பித்து வைத்தது. செத்தவனுக்கு வீட்டு ஞாபகம் இருக்கும், வழி ஞாபகம் இருக்காது. சொல்லாமல் விட்ட திருப்பத்தில் உடம்பு ஒரு பக்கம் வந்துவிடும், ஆள் அங்கேயே நின்றுவிடுவான். பங்குச் சாமியார் காதில் விழுந்தால் திட்டுவார். திட்டு வாங்கிக்கொண்டே, கையில் ஜெபமாலையும் வாயில் வழியுமாக வருகிறவர்கள்தானே நாம்.

மிக்கேலும் ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தான். டிரைவருக்குக் கேட்காமல், வாய்க்குள்ளேயே. டிரைவர் பெரியமுத்து நல்லேப்பிள்ளிக்காரர். அந்த நகரத்தில் பிண வண்டி ஓட்டித் தலை நரைத்தவர். நம் பக்கத்து ஆள், தமிழ் பேசுகிறார் என்பதே மிக்கேலுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கண்ணாடியில் அவன் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, கூச்சப்படாமல் சத்தமாகவே சொல்லச் சொன்னார் பெரியமுத்து. அதன்பிறகு மிக்கேல் சத்தமாகவே சொன்னான். சிக்னலில் வலது பக்கம்டா... பாலம் ஏறுதுடா... வா.

பிறகு வண்டி ரிங் ரோட்டில் ஏறியது. அங்கேதான் தப்பு நடந்தது.

நம் மலையில் வளைவு என்றால் குடல் புரளும், பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும். ரிங் ரோட்டில் அதெல்லாம் கிடையாது. சாலை முழுவதும் ஒரே வளைவு. ஆனால் அத்தனை மெதுவாக வளைகிறது, டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தாலும் சிந்தாது. வண்டி நேராகப் போகிறது என்றுதான் மிக்கேல் நினைத்தான். சொல்வதற்கு ஒரு திருப்பம் வரட்டும் என்று காத்திருந்தான். வரவில்லை. வாயை மூடினான்... கொஞ்ச நேரத்தில் கண்ணும் மூடிவிட்டது. ஆஸ்பத்திரிக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அலைந்து அலைந்து தூக்கத்தைக் கண்டே பல நாள் ஆகியிருந்தது அவனுக்கு.

விழித்தது ஒரு சத்தத்தில். ஷ்ஷ்ஷ்... என்று வண்டிக் கூரைமேல் தண்ணீர் பீய்ச்சுகிற சத்தம். டீசல் புகையும் சோப்பும் கலந்த நாற்றம். வெளியே மஞ்சள் வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. சுரங்கத்துக்குள் வந்துவிட்டார்கள். ஜன்னல் ஓரமாக ஒரு சிவப்பு லைட் ஆடியபடி கடந்து போனது. மிக்கேல் நிமிர்ந்து உட்காருவதற்குள் வண்டி வெளியே வந்துவிட்டது.

வேலை நடக்கிறது போல, என்றார் பெரியமுத்து. அவர்கள் போகவேண்டிய வழி சுரங்கத்துக்குள்ளேயே இடது பக்கம் பிரியுமாம். அங்கே ஒருவன் லைட்டை ஆட்டி நேராகப் போகச் சொல்லிவிட்டானாம். பரவாயில்லை, ஒரு சுற்று சுற்றி வந்து பிடித்துக்கொள்ளலாம் என்றார். ரிங் ரோட்டில் அது ஒரு வசதி. தவறவிட்ட இடம் மறுபடியும் வரும்.

வந்தது. மறுபடி அதே சுரங்கம். ஷ்ஷ்ஷ்... அதே சத்தம். இந்தத் தடவை மிக்கேல் டிரைவருக்குப் பின்னால் இருந்த சின்னக் கண்ணாடி வழியாக முன்னால் பார்த்தான். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது, நுரையை வழித்துத் தள்ளியது. ஆனால் ஹெட்லைட்டில் தெரிந்த ரோடு... காய்ந்து கிடந்தது. தண்ணீர் லாரி இல்லை, குழாய் இல்லை, கழுவுகிற ஆட்கள் இல்லை. தூரத்தில் அந்தச் சிவப்பு லைட் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பெரியமுத்து வேகத்தைக் குறைத்தார். இடது பக்கம் திருப்பப் பார்த்தார். லைட் குறுக்கே வந்தது. கை தன்னால் ஸ்டியரிங்கை நேராக்கிவிட்டது.

வெளியே வந்ததும் வைப்பரை நிறுத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "லைட்டுதான் ஆடுதுங்க தம்பி. புடிச்சிருக்கற கையக் காணமுங்க."

அப்புறம் அவராகவே இன்னொன்றும் சொன்னார். அந்தச் சுரங்கம் தோண்டும்போது மண் சரிந்து, வடக்கேயிருந்து வந்த பையன்கள் பலர் மண்ணுக்குள் போய்விட்டார்களாம். சிலரை எடுத்தார்களாம், சிலரை எடுக்காமலே சுவர் வைத்துவிட்டதாக ஊரில் பேச்சாம். எது உண்மையோ, யாருக்குத் தெரியும். யாரும் வந்து கேட்கவில்லை என்றார். அவர்கள் ஊர் அவ்வளவு தூரம்.

மிக்கேல் அதைக் காதில் வாங்கவே இல்லை. அவனுக்கு ஒரே ஒரு விஷயம்தான் புரிந்திருந்தது. வழி பிரிகிற இடத்தில் அவன் தூங்கிவிட்டான். இடது பக்கம் திரும்பணும் என்று சொல்லவில்லை. பெட்டி இங்கே இருக்கிறது... தம்பி அங்கே இறங்கிவிட்டான். இப்படியே மலைக்குப் போனால் அம்மாவிடம் எதைக் கொடுப்பது? வெறும் உடம்பையா?

மூன்றாவது சுற்றில் சுரங்கம் தெரிந்ததும் கண்ணாடியைத் தட்டினான்.

"அண்ணே, அந்த லைட்டுகிட்ட நிப்பாட்டுங்க."

"உள்ள நிறுத்தப்படாதுங்க தம்பி. பின்னாடி வாரவன் அடிச்சுப் போடுவான்."

"பின்னாடி யாருண்ணே வாரா?"

பெரியமுத்து கண்ணாடியைப் பார்த்தார். ரிங் ரோட்டில் ஏறியதிலிருந்து ஒரு வண்டிகூடப் பின்னால் வரவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வண்டியை நிறுத்தினார். இஞ்சினை மட்டும் அணைக்கவில்லை.

மிக்கேல் பின்கதவைத் திறந்து இறங்கினான். மேலே தொங்குகிற பெரிய பெரிய மின்விசிறிகள் அசையாமல் நின்றன. அந்த ஷ்ஷ்ஷ் சத்தமும் நின்றுவிட்டது. எங்கேயோ சொட்... சொட்... என்று மட்டும் கேட்டது. முன்னால் கூப்பிடு தூரத்தில் அந்தச் சிவப்பு லைட்.

பேய் என்றால் பயப்படலாம். தம்பி என்றால் எப்படிப் பயப்படுவது? மிக்கேல் அழுதுகொண்டேதான் கூப்பிட்டான்.

"ஜிபி... எடது பக்கம் திரும்பணும்டா. நான் சொல்லாம விட்டுட்டேன். அம்மா பாத்துட்டு இருக்கு. வீட்டுக்கு வா."

மலை வளைவில் கூப்பிட்டால் சத்தம் எதிர் மலையில் மோதி அடங்கிவிடும். சுரங்கம் அப்படி இல்லை. வீட்டுக்கு வா... வா... வா... என்று அது முன்னாலும் ஓடியது, பின்னாலும் ஓடியது. சுவருக்குள்ளேயும் போய்க்கொண்டே இருந்தது.

சிவப்பு லைட் ஆடாமல் நின்றது. பிறகு மறுபடி ஆடியது. ஆனால் வேறு மாதிரி. தடுத்து வைத்திருந்தவர்களை ஒருவர் ஒருவராக அனுப்பிவிடுவது போல, சுவரிலிருந்து வண்டிப் பக்கம்... சுவரிலிருந்து வண்டிப் பக்கம்...

சளக். சளக். ஈர பூட்ஸ் நடக்கிற சத்தம். மிக்கேலின் தோளை உரசிக்கொண்டு ஒரு குளிர் போனது. பச்சை மண் வாசனை அடித்தது. வண்டியின் பின்பக்கம், ஆள் ஏறினால் அமுங்குமே, அப்படி அமுங்கியது.

வந்துவிட்டான். மிக்கேல் கைகூப்பிவிட்டான். மாதாவே, வந்துவிட்டான். வண்டி மறுபடியும் ஒருமுறை அமுங்கியது. ஸ்பிரிங் பழசு என்று நினைத்துக்கொண்டான். இன்னொரு முறையும் அமுங்கியது... நம்ப ஆசைப்படுகிறவனுக்குக் காரணமா கிடைக்காது? முன்னாலிருந்து பெரியமுத்து, தம்பி ஏறுங்க, போதும் ஏறுங்க என்று அவசரப்படுத்தினார். மிக்கேல் தாவி ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினான்.

இந்தத் தடவை யாரும் குறுக்கே வரவில்லை. வண்டி இடது பக்கம் பிரிந்தது. பெரியமுத்து பின்னால் பார்க்கிற கண்ணாடியைப் பார்த்தார், ஒருமுறைதான். பிறகு கைநீட்டி அதைக் கூரையைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டார். ஊர் வந்து சேரும்வரை அதைத் தொடவில்லை.

மிக்கேல் அதற்குப்பிறகு கண்ணை மூடவே இல்லை. ஒரு பாலம் விடவில்லை, ஒரு வளைவு விடவில்லை. மறையூர் தாண்டியபோது தொண்டை கட்டிவிட்டது. கட்டிய தொண்டையோடு சொன்னான். வண்டி மட்டும் மலை ஏற மறுத்தது. ஒரு பெட்டி, ஒரு ஆள், என்ன பெரிய பாரம்? முதல் கியரில் போட்டும் முனகியது. செக்போஸ்டில் எட்டிப் பார்த்த காவலாளி, பின்னால் என்ன இப்படி நெருக்கியடித்துக்கொண்டு என்று கேட்க வாயெடுத்தவன், கண்ணைக் கசக்கிவிட்டுப் போகச் சொன்னான். மிக்கேல் அதையும் கவனிக்கவில்லை. தம்பியைக் கூட்டி வந்துவிட்ட சந்தோஷம் அவனுக்கு. சாவு வண்டியில் சந்தோஷமா என்று கேட்காதீர்கள். இருந்தது.

சித்திரபுரம் வந்தபோது பனி விலகவில்லை. லயத்து ஆண்கள் ஓடி வந்து பெட்டியை இறக்கினார்கள். பெண்கள் ஓவென்று அழுதுகொண்டு பெட்டியின் பின்னாலேயே போனார்கள். கத்தரீனாள் போகவில்லை. எரிகிற மெழுகுவத்தியோடு வீட்டு வாசலில் நின்றபடி வண்டியின் திறந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களைப் பார்ப்போமே, அப்படி அவள் பார்வை படியிலிருந்து தரைக்கு வந்தது. மறுபடி படிக்குப் போனது. தரைக்கு வந்தது. மறுபடியும் படிக்குப் போனது. அவள் முகத்தில் பயம் இல்லை. தூரத்திலிருந்து களைத்து வந்தவர்களைப் பார்க்கிற முகம். வாசலை விட்டு ஒதுங்கினாள், ஒருவர் பின் ஒருவராக வீட்டுக்குள் போக வழி விட்டாள். மெழுகுவத்தி ஒவ்வொரு தடவையும் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது.

கடைசியில் வண்டியருகே வந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். நன்றாகத் தேடினாள். பிறகு மிக்கேல் பக்கம் திரும்பினாள்.

"இவங்களயெல்லாம் கூட்டிட்டு வந்துட்டியேடா... ஜிபி எங்க?"