முடி எடுக்காத அண்ணன்

ஆரணியிலிருந்து வேலூர் போகிற பஸ்ஸில் கடைசி சீட்டில் இருந்தோம். ஜன்னலோரம் நான். பக்கத்தில் பட்டுப்புடவைப் பையோடு ஒரு அம்மா. அடுத்து மொட்டை அடித்த ஒருத்தன். அவனுக்கு அந்தப் பக்கம் அவன் அண்ணன், தலை நிறைய முடி.

அந்த அம்மாதான் கேட்டார். "திருப்பதியா தம்பி? அண்ணன் முடி குடுக்கலையா?"

"அப்பா பூட்டாரும்மா," என்றான் தம்பி. "மூத்தவருதான் கொள்ளி வெக்கணும். இவுரு பெங்களூர்ல பாறைக்குள்ள இருந்தாரு."

"பாறைக்குள்ளயா?"

"சாக்கடைக்கு சொரங்கம் போடற மெஷின் ஓட்டறாரு. காலைலயே நாங்க போன் பண்ணோம், மேல இருந்தவங்க உள்ள இவுருக்கு சேதி சொல்லிட்டாங்க. நாங்க அப்பாவ வெச்சிகினு சாயங்காலம் வரைக்கும் ரோட்டையே பாத்துகினு இருந்தோம்."

அண்ணன் தலை நிமிராமல் பேசினான். "எத்தினி வாட்டிடா சொல்றது? பாறை ஒடஞ்ச எடம். காங்கிரீட் வளையம் மாட்டாம உட்டா மேல வுழும். உள்ள பசங்க இருந்தானுங்க. மாத்தி உட ஆளு இல்ல."

"நான் தப்புன்னு சொல்லலண்ணா. இருட்டிட்டா பொணத்த எடுக்கக் கூடாதுன்னு சேவூர் மாமா ஜல்தி பண்ணாரு. நான் கொள்ளி வெச்சிட்டேன்."

கண்ணமங்கலம் தாண்டியதும் தம்பிதான் மறுபடி பேசினான்.

"அன்னிக்கி எவ்ளோ தூரம்ணா போச்சி உன் மெஷினு?"

"ஒரு வளையம்."

"அடிக்கணக்குல எவ்ளோ?"

"நாலு அடி."