வீட்டு இணைப்பு ஏன் மெதுவாக இருந்தது

பெரும்பாலான வீடுகளில் இன்டர்நெட் மெதுவாக இருப்பதற்குக் காரணம் கம்பெனி அல்ல, ரவுட்டரை வைக்கும் இடம். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வைப்பார்கள். மீன் தொட்டிக்குப் பக்கத்தில் வைப்பார்கள். பார்க்க நன்றாக இல்லை என்று இரும்பு அலமாரிக்குள் வைத்து மூடிவிட்டு, எங்களைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். நான் திட்டு வாங்கிச் சம்பளம் வாங்குபவன், ஐயா. உதவி எண்ணுக்கு நீங்கள் போன் செய்தால், மறுமுனையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேசுவது என்னைப் போன்ற ஒருவன்தான். எவ்வளவு கத்தினாலும் குரலை உயர்த்த மாட்டேன். வீட்டிலும் அப்படித்தான். என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் வீடு தரைத்தளத்தில், நாலு பக்கமும் கட்டடங்களுக்கு நடுவே உள்ளடங்கி இருக்கிறது. மொபைல் சிக்னல் தெரு கேட்டோடு நின்றுவிடும். வீட்டுக்குள் யார் போன் பேசினாலும் அது வைஃபை வழியாகத்தான் போக வேண்டும். நான், மனைவி, அம்மா மூன்று பேர். அம்மாவுக்கு இதயம் பலவீனம். கூடத்திலிருந்து சமையலறைக்கு நடந்தாலே மூச்சு வாங்கும். மனைவி வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் மாத்திரை, குளியல், சாப்பாடு எல்லாம் அவள் பொறுப்பு. மாமியாரும் மருமகளும் நகமும் சதையுமாக இருந்தார்கள். அதை நான் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன்.

ரவுட்டருக்கென்று ஒரு இணையப் பக்கம் உண்டு. என் போனிலிருந்து அதை எங்கிருந்தும் திறக்கலாம். எந்த போன் எப்போது இணைந்தது, எந்தத் தளத்துக்குப் போனது, எல்லாம் தெரியும். ஒவ்வொரு கருவிக்கும் இவ்வளவுதான் வேகம் என்று அங்கே வரம்பு வைக்கவும் முடியும். ஆபீஸில் சாப்பிடும்போது ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன். மற்றவர்கள் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதில்லையா? மனைவியை நான் ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. யாரோடு பேசினாய் என்று கேட்டதுகூட இல்லை. கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஒருநாள் ஆபீஸில் மின்சாரம் போய் எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். நான் உள்ளே நுழைந்தது அவர்களுக்குக் கேட்கவில்லை. படுக்கையறையில் மனைவி, அவளுடைய அண்ணனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். வேறு ஊரில் ஒரு பெரிய கம்பெனி. வேலை ஏறக்குறைய உறுதி. இன்டர்வியூ மட்டும் பாக்கி. என் மைத்துனர் அங்கே வீடு பார்த்து வைத்திருக்கிறாராம். அதுகூடப் பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா சொன்னாள்:

"அவன்கிட்ட இப்ப மூச்சு விடாதம்மா. தெரிஞ்சா காரியத்தக் கெடுத்துடுவான். நீ முதல்ல போய்ச் சேரு. நானும் பின்னாடியே வந்துடறேன்."

எனக்கு அடித்துப் போட்டாற்போல் ஆகிவிட்டது. பெற்றவளும் கட்டியவளும் சேர்ந்து, காதும் காதும் வைத்தாற்போல் என்னை விட்டுப் போகத் திட்டம் போடுகிறார்கள், நான் கட்டணம் கட்டுகிற இணைப்பில். மனைவி போவதைக்கூடப் புரிந்துகொள்ளலாம், அவள் வந்தவள். அம்மா? செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய், தெருவைச் சுற்றிவிட்டு, வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா காப்பி கொடுத்தாள். நன்றாக இருந்தது என்று சொன்னேன்.

மறுநாள் மனைவியின் கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் வேகத்தைக் குறைத்தேன். முழுக்க நிறுத்தவில்லை. இணைப்பு அறுந்துபோனால் ஜனங்கள் உடனே எங்களைக் கூப்பிடுவார்கள். மெதுவாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். முதலில் ரவுட்டரைச் சந்தேகப்படுவார்கள், பிறகு கம்ப்யூட்டரை, கடைசியில் தங்களையே. வருஷக்கணக்கில் அவர்கள் குரலில் இதைக் கேட்டிருக்கிறேன்.

"என்னங்க, உங்க வேலையே இதுதானே? நம்ம வீட்ல மட்டும் ஏன் இப்படி?" என்றாள். பார்க்கிறேன் என்றேன். அதன் பிறகு வந்த மாலைகள்தான் எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல மாலைகள் என்பேன். ரவுட்டரைக் கூடத்திலிருந்து நடைக்கு மாற்றினோம். நான் ஸ்டூலில் ஏறி நிற்பேன், அவள் டார்ச் பிடிப்பாள். பக்கத்து வீடுகளின் வைஃபை மோதுகிறதோ என்று சேனல் மாற்றினோம். புது கேபிள் வாங்கிப் போட்டோம். வேகத்தைச் சோதிக்கும்போது மட்டும் என் போனிலிருந்து அவளுடைய வரம்பை எடுத்துவிடுவேன். எண்கள் அருமையாக வரும். பாத்தியா, நல்லாத்தானே இருக்கு என்பேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"அப்ப நான்தான் ஏதோ தப்பாப் பண்றேன் போல," என்றாள் ஒருநாள். பாவமாகத்தான் இருந்தது. தலையைத் தடவிக் கொடுத்தேன்.

எனக்குத் தெரியாமல் எங்கள் கம்பெனியில் புகாரும் கொடுத்திருந்தாள். எங்கள் ஆட்களில் ஸ்கூட்டரில் எப்போதும் ஏணியோடு திரிகிற ஒருவன் இருக்கிறான், பெயரே ஏணி என்று ஆகிவிட்டது. புகார் அவனுக்குப் போயிருந்தது. நம்ம வீடுதானப்பா, நானே பார்த்துட்டேன் என்று சொல்லி அதை முடித்துவைத்தேன். இதிலும் ஒரு மறைப்பு பாருங்கள். கட்டிய புருஷனிடம் சொல்லாமல் புருஷனுடைய ஆபீஸுக்கே புகார்.

இன்டர்வியூ வந்தது. நாளையும் நேரத்தையும் அவள் தன் கணக்கு நோட்டின் ஓரத்தில் குறித்து வைத்திருந்தாள். அவள் முகம் திரையில் உறைந்து நின்றிருக்கும், குரல் துண்டு துண்டாகப் போயிருக்கும். அவர்கள் நல்லவர்கள், இன்னொரு தேதி கொடுத்தார்கள், அதுவும் அதே நோட்டில் ஏறியது. அடுத்த நாள் பக்கத்தைத் திறந்தால், அந்தக் கம்பெனியின் தளம் அம்மாவின் போனில் திறந்திருந்தது. என் போனில் பேசிக்கோம்மா என்று அம்மாதான் கொடுத்திருப்பாள். வாடிக்கையாளர்களும் இப்படித்தான், ஒரு வழியை மூடினால் இன்னொன்றில் நுழைவார்கள். ஆகவே, அந்தத் தேதியில் இன்டர்வியூ தொடங்கும் முன்பே, அம்மாவின் போனுக்கும் அதே வரம்பை வைத்தேன்.

அன்று ஆபீஸில் கூட்டம் இல்லை. பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். மனைவியின் போன் இணைவதும் விழுவதுமாக இருந்தது, எதிர்பார்த்ததுதான். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் போனும் அதே மாதிரி துடிக்க ஆரம்பித்தது. அம்மா என்னைத் தவிர யாருக்கும் போன் செய்யத் தெரியாதவள். இதையும் நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

என் போன் அடித்தது. எடுத்தேன். கரகரவென்று சத்தம், நடுவில் அம்மாவின் குரல்.

"டேய்... நெஞ்சு..."

அவ்வளவுதான், அறுந்துவிட்டது.

உடனே வரம்பை எடுத்திருக்கலாமே என்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஒரு விரல் அசைவுதான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் என் இடத்தில் இருந்து யோசிக்க வேண்டும். அந்த இரண்டு பேரும் மாதக்கணக்கில் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னவர்கள். இன்டர்வியூ நேரத்தில் அம்மாவுக்கு நெஞ்சுவலி வருகிறது, எனக்கு அழைப்பு வருகிறது. நான் பதறிப்போய் வேகத்தைத் திறந்துவிடுவேன், அவள் மறுபக்கம் பேசி வேலையை வாங்கிவிடுவாள். இரண்டாவது முறையும் ஏமாற நான் தயாராக இல்லை. எங்கள் வேலையில் வாடிக்கையாளர் சொல்வதை நம்பக் கூடாது, திரையை நம்ப வேண்டும் என்றுதான் பழக்கியிருக்கிறார்கள். இன்டர்வியூ முடியும் நேரம் வரை காத்திருந்தேன். பிறகு இரண்டு போன்களையும் திறந்துவிட்டேன். அம்மாவின் போன் இணைப்பில்தான் இருந்தது, ஆனால் எந்த அசைவும் இல்லை. மனைவியின் போன் இணைப்பிலேயே இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்துதான் கூப்பிட்டாள். எத்தனை முறை முயன்றும் வீட்டுக்குள்ளிருந்து ஆம்புலன்ஸுக்கு அழைப்பு போகவில்லையாம். தெரு கேட் வரை ஓடிப்போய்க் கூப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது அம்மா தரையில் கிடந்தாளாம். "அத்தை போயிட்டாங்க," என்றாள். "கடைசி வரைக்கும் உங்களத்தான் கூப்பிட்டாங்க. உங்களுக்குக் கேக்கலையா?" லைன் சரியில்லை என்றேன்.

ஏணி உங்களோடு வந்து ரவுட்டர் பக்கத்தைத் திறந்து காட்டினான் என்று சொன்னார்கள். அவனை அலைக்கழித்திருக்க வேண்டாம், கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். ஆமாம், வேகத்தைக் குறைத்தது நான்தான். அம்மாவின் குரலைக் கேட்ட பிறகும் குறைத்தபடியே வைத்திருந்தது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தவளைத் தனியாக விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடியவள் என் மனைவி. நான் அந்த நேரம் முழுக்க, கண்ணை எடுக்காமல் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.