சத்தம் போடாத பெட்டி

பழைய கேம் பெட்டிகளில் முதலில் மண்டையைப் போடுவது டிஸ்க் டிரைவ்தான். லென்ஸ் மங்கும், பல்சக்கரம் தேயும். அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மெமரி கார்டு செருகும் பலகையைத் திருகினால் போதும், எந்த ஆட்டமும் முனகாமல் சட்டென்று திறக்கும். பித்தோம் ஊரில் பாதிப் பேருடைய பெட்டிகளை நான்தான் அப்படி மாற்றிக் கொடுத்தேன். அதற்கெல்லாம் யாரும் என்னை விசாரிக்கவில்லை. செவெரினுடைய பெட்டி என்றதும் கேம் சங்கத்துச் செயலாளர் நீங்கள் பேனாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

செவெரினுக்குக் கண் தெரியாது. ஆனாலும் சண்டை ஆட்டத்தில் அவனை ஜெயிக்க நம் சங்கத்தில் ஆள் இல்லை. எதிராளி எந்த வீரனை எடுத்தான் என்பது திரையில் மட்டும்தான் தெரியும். அவனோ ஆட்டம் தொடங்கும் முன்பே அதற்கேற்ற பொத்தான்களில் விரலை வைத்துக் காத்திருப்பான். நீங்களெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பீர்கள். ஏதோ அருள் என்றார் ஒருவர். செத்துப்போன அம்மா காதில் சொல்கிறாள் என்றார் இன்னொருவர். இதில் நாமெல்லாம் படித்தவர்கள் வேறு.

ஜனவரியில் அவனுடைய பெயர் நாள், அவன் பெயர் கொண்ட புனிதரின் திருநாள். அன்று அழைக்காமலே ஆட்கள் வந்து குவிவார்கள். கொண்டுவந்த பரிசை யாரும் வேண்டாமென்று சொல்ல முடியாது. அதனால்தான் அந்த நாளாகப் பார்த்தேன். டிரைவ் சாகப்போகிறது, அவனுக்குத் தெரியாமல் மாற்றிவைக்கிறேன் என்று அவன் அக்கா போஷெனாவிடம் சொல்லிப் பெட்டியை வாங்கிப்போனேன். "நீ நல்லா இருப்ப, இரெக்" என்று வாழ்த்தி அனுப்பினாள்.

கசகசா கேக்குக்கும் வோட்காவுக்கும் நடுவில் பெட்டியை வைத்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் அவனும் ஆட உட்கார்ந்தோம். செவெரின் வழக்கம்போல இடது கையை மூடியின் மேல் வைத்துக்கொண்டான். நான் என் வீரனைத் தேர்ந்தெடுத்தேன்.

"போட்டுட்டியா?" என்று கேட்டான்.

"எப்பவோ போட்டாச்சு."

"டிவில பாட்டு கேக்குது. பெட்டிதான் பேசமாட்டேங்குது."

வேடிக்கை செய்கிறான் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். அவன் கை மூடியிலேயே இருந்தது. அன்று தோற்றான். சங்கத்துப் போட்டியும் காலங்காலமாக அவன் பெட்டியில்தான் நடக்கும் என்பதால் அடுத்த ஞாயிறு கோப்பையையும் தோற்றான். அதற்குப் பிறகு சங்கத்துப் பக்கம் வரவில்லை. போஷெனா என் வீட்டுக்கு வந்து அழுதாள். "நாள் பூரா பெட்டி மேல காத வெச்சுட்டு உக்காந்திருக்கான். சாப்பிடவே மாட்டேங்குறான். பழசையே திருப்பி மாட்டிக் குடு, இரெக்" என்றாள். அது குப்பைக்குப் போய்விட்டது என்றேன்.

எனக்கு முன்பே தெரியுமா என்கிறீர்கள். தெரியும். போன கோடையில் அவனே சொன்னான், என்னிடம் மட்டும். ஒவ்வொரு வீரனையும் டிஸ்கிலிருந்து படிக்கும்போது டிரைவ் ஒவ்வொரு மாதிரி முனகுமாம், அதை உள்ளங்கையில் கேட்பானாம். "நீ என் சிநேகிதன்னு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாத" என்றான். இந்த நிமிஷம் வரை நான் யாரிடமும் சொல்லவில்லை. வாக்குத் தவறியவன் என்று என்னை எழுத முடியாது.

அந்த டிரைவுக்கு ஒரு குறையும் இல்லை. இன்னும் பல வருஷம் ஓடியிருக்கும். லென்ஸைத் திருப்புளியால் குத்தியது நான்தான். திரும்ப மாட்டிவிட்டால் பழையபடி அதன் தயவில் ஜெயிப்பானே. கண்ணுள்ள ஒருவன் ஒட்டுக்கேட்டு ஜெயித்தால் நீங்கள் சும்மா விடுவீர்களா? இவனுக்கு மட்டும் கோப்பை கொடுத்துக் கண் கலங்குவீர்கள். அவனை மற்றவர்களுக்குச் சமமாக நடத்தியது நான் ஒருவன்தான்.

இப்போது கோப்பை என் அலமாரியில் இருக்கிறது. அன்று அவனுக்குத் துணை எதுவும் இல்லை. அவனும் நானும் மட்டும்தான். யார் பெரியவன் என்று தெரிந்துவிட்டது. அப்படியும் கடைசிச் சுற்றில் மயிரிழையில்தான் ஜெயித்தேன். அதை மட்டும் எழுதாதீர்கள்.