வேர் இடப்பக்கம்

எனக்குத் தலையில் முடி கிடையாது. முப்பத்திரண்டு வயதிலேயே மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. ஆனால் இருபத்தாறு வருடமாக எனக்குச் சோறு போட்டது முடிதான், காட்டு மிருகங்களின் முடி. கரடியோ நரியோ, ஒரே ஒரு முடியைக் கொடுத்தால் போதும், அது என்ன தின்றது, எந்த மாதம் தின்றது என்று சொல்லிவிடுவேன். நேற்று மதியம் நான் என்ன சாப்பிட்டேன் என்று மனைவி கேட்டால்தான் திருதிருவென்று விழிப்பேன்.

நீங்கள் கேட்டதால் விளக்குகிறேன். மக்காச்சோளத்தில் கனமான கார்பன் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், காட்டுப் பழங்களில் குறைவாக இருக்கும். ஐசோடோப்பு என்று நாங்கள் சொல்வது இதைத்தான். தின்றது முடியிலும் போய்ச் சேர்கிறது, வருடங்கள் ஆனாலும் மாறுவதில்லை. முடி வேரிலிருந்து வளர்வதால் நுனிப்பக்கம் பழையது, வேர்ப்பக்கம் புதியது. ஐந்து மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டி, எடை போட்டு, ஒவ்வொன்றையும் மிளகு அளவுள்ள வெள்ளீயப் பொட்டலமாக மடித்து இயந்திரத்தில் எரித்தால் கதை வரிசையாக வந்துவிடும். எங்கள் மேஜையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. அட்டையில் முடியை ஒட்டும்போது வேர் இடப்பக்கம் இருக்க வேண்டும்.

நான்கு வருடம் முன்பு என் உதவியாளர் ஒரு நரியின் முடியைத் திருப்பி வைத்து வெட்டிவிட்டாள். யாருக்கும் நஷ்டமில்லை, வேறொரு முடியை எடுத்துத் திரும்பச் செய்தோம். நான்தான் விடவில்லை. அவளுக்குத் 'தலைகீழ்' என்று பெயர் வைத்தேன். வெளியிலிருந்து யார் வந்தாலும் அவளைக் கூப்பிட்டு நிறுத்தி அந்தக் கதையைச் சொல்வேன். "வேர் எது நுனி எதுன்னு தெரியாதவங்க சலூன்ல கூட வேலைக்குச் சேர முடியாது" என்று முடிப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், காது மட்டும் சிவந்திருக்கும். வழுக்கைத் தலையன் சலூனைப் பற்றிப் பேசுவது எவ்வளவு பெரிய வேடிக்கை என்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை.

இனி கரடி விஷயம். குடியிருப்புப் பக்கம் பிடிபட்டுக் கூண்டில் இருந்தது. மனிதர் போடும் தீனிக்குப் பழகிவிட்டது என்றால் ஆயுள் முழுக்கக் கம்பிவேலிக்குள். காட்டுத் தீனிக்குத் திரும்பிவிட்டது என்றால் விடுதலை. அதன் முடியை அட்டையில் ஒட்டிக் கொண்டுவந்தவர் வனக்காவலர். அவர் இடது கைக்காரர். அவருக்கு எது வசதியோ அப்படி ஒட்டியிருந்தார், வேர் வலப்பக்கம்.

நான் பழக்கதோஷத்தில் இடமிருந்து வெட்டினேன். லென்ஸில் ஒருமுறை பார்த்திருந்தால் வேரின் குமிழ் தெரிந்திருக்கும். இருபத்தாறு வருட அனுபவசாலி எதற்குப் பார்க்க வேண்டும்? வலது முனையில் மக்காச்சோளம், இடது முனையில் காட்டுப் பழம். இடதுதான் வேர், அதாவது புதியது என்று எடுத்துக்கொண்டேன். கரடி திருந்திவிட்டது, விடலாம் என்று அறிக்கை எழுதி அனுப்பினேன். நடை நன்றாக இருக்கிறது என்று நானே இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை மேஜையைத் துடைக்கும்போது அந்த அட்டையைத் திருப்பினேன். பின்பக்கம் பென்சிலில் ஒரு அம்புக்குறி, பக்கத்தில் 'வேர்' என்று குண்டுகுண்டான எழுத்து. வெட்டாமல் அட்டையிலேயே மிஞ்சியிருந்த இன்னொரு முடியை லென்ஸில் பார்த்தேன், குமிழ் வலப்பக்கம் இருந்தது. அவர் குறித்தது சரி. அந்தக் கரடி திருந்தவில்லை, அப்போதுதான் கெட்டுப்போக ஆரம்பித்திருந்தது.

கரடியை வெள்ளிக்கிழமை விடுவதாக இருந்தார்கள். போனை எடுத்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும். எடுத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உதவியாளர் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள். சொன்னால் அவளுக்குத் தெரியும். காது சிவக்காமல் சும்மா என்னைப் பார்ப்பாள். போனை வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை காவலரே கூப்பிட்டார்.

"ரொம்ப நன்றி சார். எனக்கு அப்பவே தெரியும், அது நல்ல பிள்ளை. விட்டப்புறம் ரெண்டு வாரம் நான்தான் பக்கத்துல இருந்து பார்த்துக்கணுமாம். வீட்ல பிள்ளைங்க இருக்கு, அதான் கேக்கறேன். பயம் ஒண்ணும் இல்லையே சார்?"

"முடி பொய் சொல்லாது" என்றேன். அது சரியான வாக்கியம்தான். முடி பொய் சொல்லவில்லை.

பதினோராம் நாள் காலையில் கரடி அவருடைய குவார்ட்டர்ஸுக்கு வந்தது. பின்கட்டில் கோழிகளுக்கு வைத்திருந்த மக்காச்சோள மூட்டை. அவர் கம்பு கூட எடுக்காமல், பேசிக்கொண்டே கிட்டப் போனாராம்.

இறுதிச் சடங்குக்குப் போனேன், நல்ல மாலையாக வாங்கிக்கொண்டு. அவருடைய மனைவி என்னிடம், "உங்க காகிதத்தைச் சட்டைப்பையிலேயே வெச்சிருந்தார் சார். பாக்கறவங்ககிட்டல்லாம் எடுத்துக் காட்டுவார்" என்றார். எனக்குத் துக்கமாகத்தான் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன், துக்கத்துக்குப் பின்னாலேயே கொஞ்சம் பெருமையும் வந்தது.

அன்றைக்கே ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி, அம்புக்குறி இருந்த ஓரத்தைக் கத்தரித்துக் கழிப்பறையில் போட்டேன். துறை விசாரணையில், காவலர் முடியை மாற்றி ஒட்டிவிட்டார், குறிப்பு எதுவும் இல்லை என்றேன். பாவம், படிப்பில்லாதவர், அவரைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை என்றும் சேர்த்துக்கொண்டேன். குழு என் பெருந்தன்மையைப் பாராட்டிக் குறிப்பு எழுதியது.

என்னைக் காட்டிக்கொடுத்தது என் கேலிதான். நரி விஷயத்துக்குப் பிறகு என் உதவியாளர் வருகிற ஒவ்வொரு அட்டையையும் முன்னும் பின்னும் படம் பிடித்து வைக்கிறாளாம். நான்கு வருடமாக. எனக்குத் தெரியாது. அந்தப் படம்தான் இப்போது உங்கள் மேஜையில் இருக்கிறது. வேர் என்ற எழுத்து அதில் எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள், அவர் படிப்பில்லாதவர் இல்லை.

ஆக, செவ்வாய்க்கிழமை எனக்குத் தெரியும். புதன் தெரியும். வியாழன் அவர் வாயைத் திறந்து கேட்டபோதும் தெரியும். ஒரு மனிதரைச் சாகவிட்டேன், பிறகு பழியை அவர் மேலேயே போட்டேன். கொலைகாரன் என்று எழுதினால் கொஞ்சம் கூடுதலாகப் படுகிறது. ஆனால் நான் தகராறு செய்யப்போவதில்லை.

நீங்கள் தட்டச்சு செய்து கொடுத்த என் வாக்குமூலத்தை முழுக்கப் படித்துவிட்டேன். இரண்டாம் பக்கம், நான்காவது வரியில் ஒரு பிழை. வேர்ப்பக்கம் பழையது, நுனிப்பக்கம் புதியது என்று மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். திருத்திக் கொண்டுவாருங்கள், உடனே கையெழுத்துப் போடுகிறேன். அவசரம் ஒன்றுமில்லை, காத்திருக்கிறேன். தப்பு என்று கண்ணில் பட்டுவிட்டால் அதை அப்படியே விட்டுவிட என்னால் முடியாது, என் சுபாவம் அப்படி.