ஒய்பி பார்த்த பூனை

“எங்க ஒய்பி நேத்து என் பூனை வாய்க்குள்ள விரலை விட்டாரு.”

மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்கு வரும் பெண் போலும். எல்லையோர உட்லண்ட்ஸில் எம்ஆர்டி ரயில் ஏறியதும் பக்கத்திலிருந்த தோழியிடம் இப்படிச் சொன்னார். நான் காதில் ஓடிய பாட்டை நிறுத்திவிட்டேன்.

“ஒய்பியா? உங்க ஊர் சட்டமன்ற உறுப்பினர்தானேக்கா?”

“ஆமா. முன்ன மிருக டாக்டரு. ஜெயிச்சதும் கிளினிக்கை மூடிட்டாரு. பூனை சாப்பிடவே இல்ல, என்ன பண்றது? அவரோட சேவை மையத்துக்கே தூக்கிட்டுப் போயிட்டேன். சாக்கடை, ரோடு லைட்டுன்னு புகார் சொல்ல வந்தவங்க நடுவுல நானும் கூடையோட உட்கார்ந்திருந்தேன்.”

“திட்டலையா?”

“இல்ல லா. டார்ச் அடிச்சுப் பார்த்தாரு. பல்லுக்கு நடுவுல மீன் முள்ளு. எடுத்த உடனே அங்கயே தீனி தின்னுச்சு.”

“அப்பாடா! நீங்க போட்ட ஓட்டு வீண் போகல.”

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“நான் எங்க அவருக்குப் போட்டேன்? தோத்தா கிளினிக்கை மூட மாட்டாருன்னு எதிர்க்கட்சிக்குல்ல போட்டேன்.”

“அப்ப அடுத்த தடவை?”

“இனிமே பயமில்லாம அவருக்கே போடலாம்.”